ஓடிப்போகும் நோய்

1851ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை சட்டத்தின் முழுப் பாதுகாப்போடு நிலவிய காலத்தில், சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர் புதிய மனநோய் ஒன்றைக் கண்டறிந்துவிட்டதாக நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருத்துவ இதழொன்றில் அறிவித்தார். அந்நோய் கறுப்பின அடிமைகளை மட்டுமே பற்றும் என்றார் அவர். ஓடிப்போன அடிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு பித்து என்னும் பொருளுடைய சொல்லைப் பிணைத்து, அதற்கு ‘டிராப்பிட்டோமேனியா’ என்று பெயர் சூட்டினார். ஆண்டையிடமிருந்து தப்பி ஓடிவிட வேண்டும் என்னும் அடக்கவொண்ணா வேட்கையே அந்நோயின் அறிகுறி. நோய்க்கு மருந்தும் அவரே சொன்னார். அடிமைகளைக் குழந்தைகளைப்போல் பணிய வைத்துப் பராமரித்தால் நோய் அண்டாது. காரணமின்றி முகம் வாடி, அதிருப்தி காட்டத் தொடங்கினால் சாட்டையால் அடிப்பது நோய் முற்றாமல் தடுக்கும்.

ஃபிரெடெரிக் டக்ளஸ் மேரிலாந்திலிருந்து தப்பியது 1838இல். ஹேரியட் டப்மன் தப்பியது 1849இல். இன்று உலகமே போற்றும் இவ்விருவரும் கார்ட்ரைட்டின் ஏட்டில் நோயாளிகள். அவர் தம் கருத்துக்கு விவிலியத்தையே சான்றுக்கு அழைத்தார் என்பது நமக்குக் கூடுதல் வேதனை. படைத்தவர் இவ்வினத்தை முழங்காலிட்டுப் பணியவே படைத்தார் என்று மோசேயின் நூல்களிலிருந்து நிறுவ முயன்றார். அதே நூல்களில், மோசேயின் பின்னால் ஓர் அடிமை இனம் முழுவதும் எகிப்தை விட்டு இரவோடிரவாக வெளியேறும் செய்தியும் இருக்கிறது. அப்பகுதியை அவர் வாசித்தாரோ இல்லையோ!

இதைப் படித்து நகைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அந்த நகைப்புக்குள் கடினமான கேள்வியொன்று மறைந்திருக்கிறது. அநீதியால் விளைந்த மனத்துயரை நோய் என்று அழைப்பது நியாயமா? நோய் என்று அழைத்தால், குறை துன்புறுகிறவனிடத்தில் இருப்பதாக ஆகிவிடுகிறது. அடித்த கை மறைந்து, அடிபட்ட உடலே ஆய்வுக்குரியதாகிவிடுகிறது. நோய் அன்று என்றாலோ, மருந்துக்கும் மருத்துவனுக்கும் அவன் உரிமை இழக்கிறான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் மனநல வரலாற்றை நோக்கினால், இவ்விரு தவறுகளும் அவர்களுக்கு மாறிமாறி, சில வேளைகளில் ஒருசேர, இழைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

கார்ட்ரைட்டுக்குச் சற்று முன்னரே, 1840ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விசித்திரமான முடிவொன்றை வெளியிட்டது. அடிமைமுறை ஒழிந்த வடமாநிலங்களில் விடுதலை பெற்று வாழும் கறுப்பின மக்களுள் 162 பேருக்கு ஒருவர் மனநோயாளி. அடிமைமுறை நிலவும் தெற்கிலோ 1,558 பேருக்கு ஒருவர்தாம் அவ்வாறு! விடுதலை இவர்களுக்கு நஞ்சு, அடிமைத்தளையே அரண் என்று தென்னகத்தார் உரக்கப் பேசினர். 1844இல் வெளியுறவுச் செயலராயிருந்த ஜான் கால்ஹூன், பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய அரசாங்கக் கடிதத்திலேயே இவ்வெண்களை எடுத்தாண்டார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் முதலில் இந்த எண்களை நம்பினார். பிறகு ஊர் ஊராகப் பட்டியலை எடுத்துவைத்துச் சரிபார்த்தார். ஒரு கறுப்பினத்தவர்கூடக் குடியிராத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் கணக்கிடப்பட்டிருந்தனர். வூஸ்டர் நகரில் 133 கறுப்பின மனநோயாளிகள் என்று பதிவாகியிருந்தது. அவர்கள் அங்கிருந்த அரசு மனநல விடுதியின் வெள்ளை நோயாளிகள். தவறு இவ்வாறு வெட்டவெளிச்சமாயிற்று. ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித் என்பவரும் இதே பொய்யை எண்களைக் கொண்டே உடைத்தார். அமெரிக்கக் கல்லூரிகள் இடம் தர மறுத்தமையால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்று பயின்று, 1837இல் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க மருத்துவர் அவர். விண்ணப்பங்கள் நாடாளுமன்றம் வரை சென்றன. ஆயினும் அந்தக் கணக்கெடுப்பு அதிகாரபூர்வமாகத் திருத்தப்படவே இல்லை.

மறுபுறத்தில், துன்பத்தையே மறுத்த கதை. அடிமைகள் வயல்களில் பாடினார்கள். எனவே மகிழ்ச்சியாயிருக்கிறார்கள் என்று வடக்கத்தியர் சிலர் முடிவு கட்டினர். 1845இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் டக்ளஸ் இதற்கு விடையளித்தார். அடிமை மிகுதியாகப் பாடுவது மிகுதியாகத் துயருறும்போதுதான், பாட்டு அவனுக்குக் கண்ணீரைப்போல் ஓர் ஆறுதல் என்பது அவர் தந்த விளக்கம். ஆயினும் ‘இவர்களுக்கு வலி குறைவு’ என்னும் எண்ணம் அடிமைமுறையோடு அழியவில்லை. 2016இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 222 பேரிடம், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பன போன்ற பொய்யான கூற்றுகள் முன்வைக்கப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குறைந்தது ஒரு கூற்றையாவது உண்மையென்று ஏற்றனர். தோலின் வலியையே குறைத்து மதிப்பிடுகிறவர், மனத்தின் வலியை எப்படி அளப்பார்?

நோயென்று ஏற்றுக்கொண்ட இடத்திலும் கிடைத்தது மருத்துவமாக இருக்கவில்லை. மேரிலாந்து மாநிலம் 1911இல் ‘நீக்ரோ மனநோயாளிகளுக்காக’ ஒரு மருத்துவமனையைத் திறந்தது. பின்னாளில் கிரௌன்ஸ்வில் என்று பெயர்பெற்ற அதனைக் கட்டியவர்கள் நோயாளிகளே. காட்டைத் திருத்தி, செங்கல் சுமந்து, தங்களை அடைத்துவைக்கும் சுவர்களைத் தங்கள் கைகளாலேயே எழுப்பினார்கள். உழைப்பே சிகிச்சை என்பது அதற்குச் சொல்லப்பட்ட மருத்துவக் காரணம். 1950களின் நடுவில் அங்கே 2,700க்கு மேற்பட்டோர் நெருக்கியடித்துக் கிடந்தனர். 2004இல் மருத்துவமனை மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று அதன் கல்லறைத் தோட்டம். அங்குப் பெரும்பாலான கற்களில் பெயர் இல்லை. எண் மட்டுமே இருந்தது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இறப்புச் சான்றுகளைத் தேடிப் படித்து, அந்த எண்களுக்குரிய பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். மனச்சிதைவு நோய் என்றால், அதுவரை பொதுமக்கள் மனத்தில் எழுந்த உருவம், ஒடுங்கிப்போன, தம்முள் ஆழ்ந்த வெள்ளையர்தாம். 1960களில் குடியுரிமைப் போராட்டம் வீறுகொண்டு எழுந்தது. 1968இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில், அந்நோயின் ஒரு வகைக்குப் பகைமையும் ஆக்கிரமிப்பும் அடையாளங்களாயின. அதே ஆண்டில் மருத்துவர் இருவர் ‘எதிர்ப்புப் பித்து’ என்றே ஒரு நோய்ப் பெயரை முன்மொழிந்தனர். மிஷிகன் மாநிலத்தின் அயோனியா மனநல மருத்துவமனைப் பதிவேடுகளை ஜானதன் மெட்சல் என்னும் மனநல மருத்துவர் ஆராய்ந்து, 2010இல் நூலாக வெளியிட்டார். அப்பதிவேடுகளில் மனச்சிதைவு என்னும் முத்திரை, வெள்ளையினப் பெண்களிடமிருந்து டிட்ராய்ட் நகரத்துக் கறுப்பின ஆண்களிடம் இடம்பெயர்ந்ததை அவர் காட்டினார். 1974இல் மருத்துவ இதழொன்றில் வந்த மருந்து விளம்பரத்தின் படம், கை முட்டியை உயர்த்திச் சினந்து நிற்கும் கறுப்பின ஆண் ஒருவரை வரைந்திருந்தது. கார்ட்ரைட் இறந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவரது ஏடு மூடப்படவில்லை.

இப்பின்னணியில்தான் 1967 செப்டம்பர் முதல் நாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் அமெரிக்க உளவியலாளர் கழகத்தார் முன் ஆற்றிய உரையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளைய உளவியலார் மிகுதியாகப் பயன்படுத்திய சொல்லொன்று உண்டு: சூழலோடு இசையாமை. இசைந்து வாழ்பவன் நலமுடையவன், இசையாதவன் நோயாளி. நரம்புத் தளர்ச்சியிலிருந்தும் மனப்பிளவிலிருந்தும் விடுபட நாம் அனைவரும் இசைந்து வாழவே விரும்புகிறோம் என்பதைக் கிங் ஏற்றுக்கொண்டார். ஆனால் இனஒதுக்கலுக்கும் வெறுப்புக்கும் வன்முறைக்கும் தாம் ஒருநாளும் இசையப்போவதில்லை என்றார். தம் காலத்து அநீதியோடு இசையாத ஆமோஸ் இறைவாக்கினரையும் லிங்கனையும் எடுத்துக்காட்டி, இத்தகைய இசையாமைக்கு ஓர் உலகளாவிய அமைப்பே தேவை என்று புன்னகையோடு பரிந்துரைத்தார்.

நலம் என்பது இசைதல் என்றால், எதனோடு இசைதல் என்று கேட்டேயாக வேண்டும். பெரும்பான்மையே அளவுகோலாகும்போது நேரும் விபரீதத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1969இல் கறுப்பின மனநல மருத்துவர்கள் சிலர், கொலைவெறி வரை செல்லும் இனவெறுப்பை மனநோய்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்திடம் கோரினர். கழகம் மறுத்தது. எத்தனையோ அமெரிக்கரிடம் அவ்வெறுப்பு இருப்பதால் அது இயல்பான ஒன்றாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம் என்று, அவ்வியக்கத்தோடு தொடர்புடைய ஆல்வின் பூசான் பின்னாளில் எழுதினார். ஓடியவனுக்கு நோய், துரத்தியவன் இயல்பானவன்!

கழகம் சொன்ன காரணம் வெட்கக்கேடானது. எனினும் அதன் முடிவு சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. வெறுப்பை நோயென்று பதிவுசெய்தால் வெறுத்தவன் பரிதாபத்துக்குரியவனாகிவிடுவான். நோய்க்கு யாரும் மனம் வருந்துவதில்லை. பாவத்துக்கு வருந்தலாம், வருந்தித் திருந்தலாம். இனவெறியைப் பாவம் என்னும் பெயரிலேயே விட்டுவைப்பதுதான் வெறியனுக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை. அமெரிக்க ஆயர்கள் 1979இலும் மீண்டும் 2018இலும் எழுதிய சுற்றுமடல்களில் அதனைப் பாவம் என்றே அழைத்தனர்.

கிங்கின் உரையை ஒருபுறச் சாய்வாக வாசித்து, ‘நோய் என்பதே பொய், சமூகந்தான் நோயுற்றிருக்கிறது’ என்று முழங்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இம்முழக்கம் இளைஞர்க்கு இனிக்கும். ஆனால் இரவு முழுதும் காதில் யாரோ ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகனை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் தாய்க்கு அது என்ன தரும்? அவள் மகனது நோய் உருவகம் அன்று. அவன் உண்ணவில்லை, உறங்கவில்லை, தன் நிழலையே அஞ்சுகிறான். அநீதியை எதிர்ப்பதன் பெயரால் அவன் நோயை மறுப்பது, அவனை ஒரு வாதத்துக்குச் சான்றாக்கிவிடுவது ஆகும். கார்ட்ரைட்டும் வேறொரு வாதத்துக்காக அதைத்தானே செய்தார்?

காரணத்தை ஆராய்வது வேறு, காயத்துக்குக் கட்டுப்போடுவது வேறு. வண்டி மோதி எலும்பு முறிந்தவனிடம், குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் தீர்மானித்த பிறகு வா என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். இயேசு அக்கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுச் சேறு உண்டாக்கினார். ஆயினும் மனக்காயத்தில் ஒரு சிக்கல் உண்டு. எலும்பு கூடியவன் திரும்பிச் செல்லும் தெருவில் அதே வண்டி அவனுக்காகக் காத்திருப்பதில்லை. இவர்களுக்குக் காத்திருக்கிறது. காவல்துறையினரால் ஆயுதமற்ற கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட செய்தி, அவரை அறிந்தேயிராத அம்மாநிலத்துக் கறுப்பின மக்களின் மனநலத்தையும் அடுத்த சில மாதங்களுக்குப் பாதிக்கிறது என்று 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. காயம் ஆறும் முன்னரே அதன்மேல் அடி விழுகிறது.

இந்த இரண்டு கடமைகளையும் ஒருசேரச் செய்த ஓரிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வாழ்ந்தும், அவர்கள் மனம்விட்டுப் பேசி மருத்துவம் பெற ஏறக்குறைய இடமே இல்லாதிருந்தது. ஃபிரெட்ரிக் வெர்தம் என்னும் ஜெர்மானிய மனநல மருத்துவர் நிதி கேட்டு ஏறி இறங்கிய வாயில்கள் திறக்கவில்லை. எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அவருக்குத் துணைநின்றார். முடிவில், அங்கிருந்த புனித பிலிப்பு ஆங்கிலிக்கன் ஆலயத்தின் பங்குக் குரு ஷெல்டன் ஹேல் பிஷப், ஆலய மண்டபத்தின் நிலவறையில் இரண்டு அறைகளை ஒதுக்கித் தந்தார். 1946இல் அங்கே லஃபார்க் மருத்துவமனை பிறந்தது. கார்ல் மார்க்சின் மருமகனான மருத்துவர் பால் லஃபார்கின் பெயர் அது! ஆலயத்தின் அடித்தளத்தில் அப்பெயர் இருப்பதற்குக் குருவானவர் மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை.

வாரத்தில் இரு மாலைகள் மட்டும் அது இயங்கியது. மருத்துவர்கள் ஊதியம் பெறவில்லை. கட்டணம் 25 சென்ட். இயலாதவர்க்கு அதுவும் இல்லை. வந்தவர்களுள் கறுப்பினத்தவரும் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர். உங்கள் துயரத்துக்குக் காரணம் இனவெறி என்று சொல்லி அங்கே யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இனவெறிக்கும் உங்கள் துயரத்துக்கும் தொடர்பில்லை என்றும் சொல்லவில்லை. மாலையில் நோயாளியின் அருகில் அமர்ந்த மருத்துவர்கள், பகலில் நீதிமன்றப் படியேறினார்கள். 1951இல் டெலவேர் மாநிலத்துக் குழந்தைகளை, இரு இனத்தாரையும், அந்த நிலவறையிலேயே ஆராய்ந்து, பள்ளிகளில் நிலவும் இனஒதுக்கல் குழந்தைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று வெர்தம் சாட்சியம் அளித்தார். அவ்வழக்கும் சேர்ந்த ‘பிரவுன்’ வழக்கில்தான் 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளி ஒதுக்கலைச் சட்டவிரோதமென்று தீர்த்தது. நிலவறை மருத்துவமனை 1950களின் இறுதியில் மூடப்பட்டது.

இன்றைய நிலை என்ன? அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் தன் கடந்தகாலத்துக்காக 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டுக் கணக்கின்படி, மனநோயுற்ற வெள்ளையரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். கறுப்பினத்தவரிலோ பத்துக்கு நால்வர். மனச்சிதைவு என்னும் முத்திரை இன்றும் கறுப்பினத்தவர்மீது வெள்ளையரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் குத்தப்படுகிறது. அதே வேளையில் மனச்சோர்வு கண்டறியப்படாமல் போகிறது. மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். மனநல மருத்துவர்களுள் அவர்கள் நூற்றுக்கு இருவர் அளவே. டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை 399 கறுப்பின நோயாளிகளுக்கு மேகநோய்க்கான மருந்தை மறைத்து வைத்துவிட்டு, நோய் முற்றுவதை அரசு மருத்துவர்கள் குறிப்பெடுத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்பதை அறியாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2020 மார்ச்சில் ராச்செஸ்டர் நகரில் மனக்கலக்கமுற்ற கறுப்பினத்தவர் ஒருவருக்காக அவருடைய உடன்பிறந்தவரே உதவி கேட்டு அழைத்தார். வந்த காவலர்கள் விலங்கிட்டு, தலையில் உறையைப் போர்த்தித் தரையோடு அழுத்திப் பிடித்தனர். ஒரு வாரத்தில் அவர் இறந்தார்.

புறத்தடைகள் இவை. அகத்தடை ஒன்றும் உண்டு. அதுவே நம்மைப் போன்ற விசுவாசிகளின் சிந்தனைக்கு மிகவும் உரியது. ‘நாம் எதையும் தாங்கியவர்கள்; கப்பலின் அடித்தளத்தைத் தாங்கினோம், பருத்திக் காட்டைத் தாங்கினோம், இதைத் தாங்கமாட்டோமா?’ என்னும் பெருமிதம் அம்மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. கறுப்பினப் பெண் என்றால் கல்லைப்போன்ற உறுதியுடையவள் என்று வெளியாரும் புகழ்ந்தார்கள். தற்கொலை வெள்ளையர் விவகாரம், நம்மிடம் அது இல்லை என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தது. அவர்களிடையே தற்கொலை வீதம் மொத்தத்தில் வெள்ளையரைவிடக் குறைவுதான். ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், கறுப்பினக் குழந்தைகளின் வீதம் வெள்ளைக் குழந்தைகளின் வீதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. பத்து முதல் இருபத்துநான்கு வயது வரையிலான கறுப்பினத்தவரிடையே, 2018க்கும் 2021க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவ்வீதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. பெருமிதத்தின் சுவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஓசையின்றிச் சாகிறார்கள்.

தாங்குதல் நற்பண்புதானே என்று கேட்கலாம். மனத்திடத்தின் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்குவதே என்று புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அவர் பேசுவது, நன்மையொன்றின் பொருட்டு அறிவோடும் மனச்சுதந்திரத்தோடும் மேற்கொள்ளப்படும் தாங்குதலை. வேறு வழி அடைக்கப்பட்டு, பிறர் வசதிக்காக ஒருவர்மீது ஏற்றப்படும் சுமை நற்பண்பு ஆகாது, அது வரிவசூல். அந்த வரியைக் கட்டுகிறவரைப் பார்த்து ‘எவ்வளவு உறுதி!’ என்று வியப்பவர், பெரும்பாலும் அவ்வரியால் பயன்பெறுகிறவராகவே இருக்கிறார். அதே தோமா, துயரத்துக்குரிய மருந்துகளை வரிசைப்படுத்தும்போது, கண்ணீரையும் நண்பரின் பரிவையும் உண்மையைத் தியானிப்பதையும் சொல்லி, கடைசியாக உறக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். மறைவல்லுநர் ஒருவர் குளியலை இறையியலுக்குள் கொண்டுவந்ததை முதன்முறை வாசிப்பவர் புன்னகைக்காமல் இரார். மனிதன் உடலுமானவன் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

கறுப்பின மக்களுக்கு ஆலயமே நெடுங்காலம் மருத்துவமனையாகவும் இருந்தது. வேறெங்கும் நிமிர்ந்து நிற்க முடியாதவர்கள் அங்கே நிமிர்ந்து நின்றார்கள், அழுதார்கள், பாடினார்கள். மனம் கலங்கும்போது மருத்துவரிடம் செல்வதற்கு முன் போதகரிடம் செல்வது இன்றும் அவர்களிடையே வழக்கம். அங்கே கிடைக்கும் ஆறுதல் மெய்யானது. அதை ஏளனம் செய்வோர் அதன் ஆழம் அறியாதவர்கள். ஆனால் ‘இன்னும் செபி, உன் விசுவாசம் போதாது’ என்னும் விடை கிடைக்கும் நாளில், துயரத்தின்மேல் குற்றவுணர்வும் ஏற்றப்படுகிறது. இதில் கத்தோலிக்கராகிய நாம் பிறரைச் சுட்ட இயலாது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் மனக்கலக்கம் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்ற தாய்மார்களை எண்ணிப் பார்க்கிறேன்.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிய செய்தி முதல் அரசர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. துரத்தியவள் ஈசபேல், காரணம் அரசியல். ஆண்டவருடைய தூதர் வந்து விசுவாசத்தைப் பற்றி அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. அப்பம் சுட்டு வைத்திருந்தார், தண்ணீர் வைத்திருந்தார். எலியா உண்டு, குடித்து, மீண்டும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுத்தார். அதன் பின்னரே ஓரேபு மலையும், மெல்லிய ஒலியும், அநீதி செய்த அரசர்களைப் பற்றிய பேச்சும்.

1989 ஜூன் மாதம் அமெரிக்க ஆயர்கள் கூடியிருந்த அவைக்கு, தியா பௌமன் என்னும் கறுப்பின அருள்சகோதரி சக்கர நாற்காலியில் வந்தார். மிசிசிப்பியில் பிறந்து, சிறு வயதிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவி, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர். அவருக்கு எலும்புவரை பரவிய புற்றுநோய். நாடெங்கும் அவரை மகிழ்ச்சியின் தூதராகவே அறிந்திருந்தார்கள். தம் மக்களின் வலிமையைப் பற்றி அவர் பேசப்போகிறார் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னிலையில், வீட்டை விட்டு நெடுந்தொலைவில் தாயின்றித் தவிக்கும் பிள்ளையின் துயரைச் சொல்லும் பழைய அடிமைப் பாடலைப் பாடித்தான் தொடங்கினார். உரையின் முடிவில் ஆயர்களை எழச் செய்து, கைகோத்துப் பாட வைத்தார். மறு ஆண்டு மார்ச்சில் அவர் இறந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் பணி 2018இல் தொடங்கப்பட்டது. உறுதியானவர் என்று பெயரெடுத்தவர், தாயில்லாப் பிள்ளையாய்த் தம்மை அவையில் காட்டிக்கொள்ளத் துணிந்தார். வலிமையைப் புகழும் கட்டுரைகளில் இந்த முதற்பாடல் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

அர்க்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில் 2016இல் லொரென்சோ லூயிஸ் என்பவர் ஒரு பணியைத் தொடங்கினார். கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் செல்லத் தயங்கினாலும் முடிதிருத்தகத்துக்குத் தவறாமல் செல்கிறார்கள். அங்கே பேசவும் செய்கிறார்கள். எனவே முடிதிருத்துவோருக்கு, மனத்துயரின் அடையாளங்களை அறியவும் குறுக்கிடாமல் கேட்கவும் பயிற்சி அளித்தார். பணி பிற மாநிலங்களுக்கும் பரவியது. அதற்கு அவர் வைத்த பெயரில் இருப்பது ‘கன்ஃபெஸ்’ என்னும் சொல். நாம் ஒப்புரவு அருளடையாளத்தோடு தொடர்புபடுத்தி அறிந்த அதே சொல்தான். நாற்காலியில் அமர்ந்தவர், பேசும்போது, தம் பின்னால் நிற்பவரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. எதிரிலுள்ள கண்ணாடியில்தான் பார்க்கிறார். நம் ஒப்புரவுத் தொட்டியின் வலைச் சன்னலும் ஏறக்குறைய அந்த உதவியைத்தான் செய்கிறது. முடி திருத்துபவர் மருத்துவராக வேடமிடுவதில்லை. கேட்டு முடித்ததும், அடுத்து யாரிடம் செல்லலாம் என்று ஒரு முகவரியை எழுதித் தருகிறார். அதைப் பெற்றுக்கொள்பவருக்கு ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்: இந்த முகவரியில் இருப்பவர் என்னை எந்த ஏட்டில் எழுதிக்கொள்வார்?